மருத்துவர் கற்பதற்கு மருந்து நிறுவனம் பணம் தரலாமா?

புது தில்லி: பட்டம் பெற்று இருபது, முப்பது ஆண்டுகள் ஆன மருத்துவர், இடைப்பட்ட காலத்தில் மாறிவிட்ட மருத்துவத்தை எங்கே கற்கிறார்? அதற்கான செலவை யார் ஏற்கிறார்? இதற்கு விடை காண 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் முயன்றது. மூன்றே வாரங்களில் அம்முயற்சி நிறுத்தி வைக்கப்பட்டது.

கேள்வி புதிதல்ல. மருத்துவர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுகளில் 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இலேயே விதி வகுத்தது. ஆண்டுக்கு 6 மணி நேரம். ஒரு முழு வேலை நாள்கூட ஆகாது. பதிவேடு மாநில மருத்துவக் கவுன்சில்களின் கையில் இருப்பதால், இதையும் கண்டிப்புடன் நிறைவேற்றுவது அவற்றின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிட்டது. மகாராஷ்டிரம் போன்ற சில மாநிலங்கள் பதிவைப் புதுப்பிக்கப் பயிற்சிப் புள்ளிகளைக் கட்டாயமாக்கின.

அலட்சியத்தின் விலையைக் காச நோயில் காணலாம். வாரம் மூன்று நாள் மாத்திரை என்றிருந்த அரசுத் திட்டம் 2017-இல் தினசரி மாத்திரைக்கு மாறியது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காச நோய்க்கு, பெடாகுயிலின் உள்ளிட்ட மருந்துகளைக் கொண்ட ஆறு மாத சிகிச்சைக்கு 2024-இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஒப்புதல் அளித்தது. 2005-இல் கல்லூரியை விட்டு வந்தவர் பயின்ற அரசுத் திட்டம் இன்று நடைமுறையில் இல்லை. மும்பை தாராவியில் 106 தனியார் மருத்துவர்களிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு, அவர்கள் 63 விதமான மருந்துச் சேர்க்கைகளை எழுதியதாகக் காட்டியது. சரியாக எழுதியவர்கள் 6 பேர் மட்டுமே. மாற்று மருத்துவ முறைகளில் பட்டம் பெற்றோரும் அதில் இருந்தனர் என்பது உண்மை. நோயாளி அந்த வேறுபாட்டைப் பார்த்தா மருந்துச் சீட்டு வாங்குகிறார்?

கற்பிக்கும் இடத்தில் அரசு விட்ட வெற்றிடத்தை மருந்து நிறுவனங்கள் நிரப்பின. நட்சத்திர ஓட்டலில் கருத்தரங்கு, விருந்து, பயணம். தங்க நாணயம், குளிர்பதனப் பெட்டி முதல் வெளிநாட்டு மாநாட்டுப் பயணம் வரை தரப்படும் இலவசங்களின் செலவுக்கு வருமான வரிச் சலுகை கோர முடியாது என்று, சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அந்தச் செலவு இறுதியில் மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விழுகிறது.

மருந்து நிறுவனங்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ பொருளுதவி செய்யும் கல்வி நிகழ்ச்சி எதிலும் மருத்துவர் பங்கேற்கக் கூடாது என்று 2023-ஆம் ஆண்டு விதிகள் கூறின. ஆனால், ஜெனரிக் பெயரிலேயே மருந்து எழுத வேண்டும் என்ற கட்டளையும் அதே அறிவிக்கையில் இருந்தது. தரம் உறுதி செய்யப்படாத மருந்துகளுக்கு மருத்துவர் எப்படிப் பொறுப்பேற்பது என்று இந்திய மருத்துவச் சங்கம் எதிர்த்தது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. அதன் வேகத்தில் பயிற்சி விதிகளும் சேர்ந்தே அடித்துச் செல்லப்பட்டன. ஆகஸ்ட் 23-ஆம் தேதி 2002 விதிகள் மீண்டும் உயிர் பெற்றன.

2024 மார்ச்சில் மருந்துத் துறை வெளியிட்ட விற்பனை நெறிமுறை வெளிநாடுகளில் கருத்தரங்கு நடத்துவதைத் தடை செய்தது. உள்நாட்டில் நிறுவனங்கள் நடத்த அனுமதித்தது. விதிமீறல் புகாரை முதலில் விசாரிப்பது மருந்து நிறுவனங்களின் சங்கமே அமைக்கும் குழு!

தடையால் மட்டும் தீராத சிக்கலும் உண்டு. ஒரே மருத்துவர் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பயிற்சிக்குச் சென்றால், அன்று நோயாளியைப் பார்ப்பவர் யார்? மாவட்ட மருத்துவக் கல்லூரியே கற்பிக்க வேண்டுமானால், அதற்கு ஆசிரியரும் நிதியும் வேண்டும். பயிற்சி விதிகளை ஜெனரிக் சர்ச்சையிலிருந்து பிரித்துத் தனியே அறிவிப்பது மருத்துவ ஆணையத்தால் இயலும் காரியம். செலவுக்கு வழி சொல்ல வேண்டியது நிதி அமைச்சகம்.