மூன்று தோட்டா போதும்!

ஒரு சாண் மரக்குச்சி. அதன்மீது அமெரிக்க வேட்டைக்காரர் சிலருக்கு எத்தனை ஆத்திரம்! "என் காசு, என் துப்பாக்கி. அதன் வயிற்றில் எத்தனை தோட்டா இருக்கலாமென்று சொல்லச் சர்க்கார் யார்?" என்று சீறுகின்றனர். சீறட்டும். நாம் குச்சியின் பக்கம்!

விவகாரம் இதுதான். பம்ப் துப்பாக்கியில், சுடும் குழலுக்கு அடியிலே இன்னொரு குழாய் உண்டு. தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்பிடியை இழுத்துத் தள்ளினால் சுட்ட கூடு வெளியே தெறிக்கும், அடுத்தது அறைக்குள் ஏறும். 1897-ஆம் ஆண்டு வின்செஸ்டர் துப்பாக்கி குழாயில் ஐந்து, அறையில் ஒன்று என ஆறு தோட்டா கொள்ளும். 1935-ல் அமெரிக்க அரசு குறுக்கிட்டது. வலசை வரும் வாத்துகளைச் சுடுவோர் துப்பாக்கியில் மூன்றுக்கு மேல் தோட்டா இருக்கலாகாது என்றது. குழாயின் மிச்ச இடத்தை ஒரே துண்டான ஓர் அடைப்பு நிரப்ப வேண்டும். துப்பாக்கியைப் பிரிக்காமல் அதை எடுக்க முடியக்கூடாது.

அந்த அடைப்பைச் செய்யத் தொழிற்சாலையா வேண்டும்? தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, குழாயின் மூடியைத் திருகிக் கழற்றி, சுருள்வில்லுக்குள்ளே அளவாய் நறுக்கிய கம்பைச் செருகி மூடினால் தீர்ந்தது வேலை. கம்பு கடையில் வாங்கியதா, கொல்லையில் சீவியதா என்று சட்டம் கேட்பதில்லை. சோதனைக்கு வரும் காவலர், குழாய்க்குள் மூன்றாவது தோட்டா நுழைகிறதா என்றுதான் பார்ப்பார். சீமானின் சித்திர வேலைப்பாட்டுத் துப்பாக்கிக்கும் அதே குச்சி, ஆலைத் தொழிலாளியின் பழந்துப்பாக்கிக்கும் அதே குச்சி! ஏழை செலவின்றிக் கீழ்ப்படியக்கூடிய சட்டங்கள் உலகில் எத்தனை உண்டு, தோழர்களே?

ஏன் வந்தது இந்தக் கட்டுப்பாடு? வானை மறைத்துப் பறந்த பயணிப் புறாக்கள் கோடிக்கணக்கில் இருந்தன. ரயில் வந்தது, தந்தி வந்தது, நகரத்துச் சந்தை வாய் பிளந்தது. சுட்டனர், வலை வீசினர், பீப்பாய் பீப்பாயாக அனுப்பினர். கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1-ல் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையிலே செத்தது. வாத்துகளுக்கும் அதே கதிதான் காத்திருந்தது. படகிலே பீரங்கி போன்ற துப்பாக்கியைப் பூட்டி, ஒரே வெடியில் கூட்டத்தையே வீழ்த்தினர். 1918-ல் வலசைப் பறவைச் சட்டம் வந்தது. பிறகு 1930-களின் கொடிய வறட்சி; வாத்துகள் மேலும் குறைந்தன. 1934-ல் அதிபர் ரூஸ்வெல்ட், பறவைகளைக் காக்கும் துறைக்கு 'டிங்' டார்லிங் என்ற கேலிச்சித்திரக்காரரைத் தலைவராக்கினார். அவரோ எதிர்க்கட்சிக்காரர், ரூஸ்வெல்ட்டையே தூரிகையால் குத்தியவர்! மறு ஆண்டே வந்தது மூன்று தோட்டாக் கட்டு. உயிர் வாத்தைக் கட்டிவைத்து ஏய்ப்பதும், தீனி தூவிச் சுடுவதும் அப்போதே தடுக்கப்பட்டன.

"ஒரு நாளைக்கு இத்தனை பறவை என்று கணக்கு இருக்கும்போது குச்சி எதற்கு?" என்று கேட்போர் உண்டு. பையில் உள்ள பறவையைத்தானே எண்ண முடியும்? கூட்டத்துக்குள் ஆறு முறை கண்மூடித்தனமாகச் சுட்டால், சிறகொடிந்து நாணலுக்குள் விழுந்து சாகும் பறவை எந்தக் கணக்கில் சேரும்? காவலர் இல்லாத விடியற்காலைச் சதுப்பில், குச்சிதான் காவலர்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். சுடுகிறவன் கையைக் கட்டியது சரி. பறவை முட்டையிடும் சதுப்பை வடித்து வயலாக்கியவர்களுக்கு என்ன குச்சி செருகினார்கள்? சதுப்பை விலைக்கு வாங்கிக் காக்க 1934-ல் வாத்து முத்திரை வில்லை வந்தது. அன்று ஒரு டாலர், இன்று 25 டாலர். அந்தப் பணத்தில் 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காக்கப்பட்டிருக்கிறது. மெத்த மகிழ்ச்சி! ஆனால் வில்லையை வாங்கியாக வேண்டியவன் யார்? அதே வேட்டைக்காரன்! வடித்தவன் பணப்பை பத்திரமாக இருக்கிறது.

குச்சி கண்மூடிப் பிடிவாதமும் அல்ல. பனிவாத்துகள் அளவுமீறிப் பெருகி, வடகோடியில் தாம் குஞ்சு பொரிக்கும் நிலத்தையே மேய்ந்து பாழாக்கின. 1999 முதல் அவற்றுக்கென்று ஒதுக்கிய தனிப் பருவத்தில் மட்டும் குச்சியைக் கழற்றலாம் என்று அனுமதித்தனர். பருவம் முடிந்து வாத்து வேட்டைக்குப் புறப்படும்போது அது மீண்டும் குழாய்க்குள் போயாக வேண்டும். கழற்றியதை எங்கே வைத்தோம் என்று தேடுவோர் தேடட்டும். கிடைக்காவிட்டால் இன்னொன்றை நறுக்கிக்கொள்ளட்டும்.