சிங்கப்பூர் அலுவலகங்களின் குளிரும் அதற்குச் செலவாகும் நீரும்

வெளியே வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும் நண்பகலில், சிங்கப்பூரின் வர்த்தக மையத்தில் அலுவலக ஊழியர்கள் கம்பளிச் சட்டை அணிந்து அமர்ந்திருப்பது அங்கு எவருக்கும் வியப்பளிக்கும் காட்சி அல்ல. அந்தக் குளிருக்கான மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் இயற்கை எரிவாயுவிலிருந்து உற்பத்தி செய்யப்படுகிறது. எரிவாயு முழுவதும் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. குளிரூட்டலில் மின்சாரத்தோடு சேர்ந்து நீரும் செலவாகிறது என்பது பலரும் கவனிக்காத செய்தி.

பெரிய அலுவலகக் கட்டடங்களில் அறைகளிலிருந்து அகற்றப்படும் வெப்பம் குழாய் நீரின் வழியாகக் கூரையில் உள்ள குளிர்விப்புக் கோபுரங்களுக்குக் கொண்டு செல்லப்படுகிறது. அங்கு நீரின் ஒரு பகுதி ஆவியாகி வெப்பத்தைக் காற்றில் விட்டுவிடுகிறது. ஒரு கன மீட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 670 கிலோவாட் மணி வெப்பம் வெளியேறுகிறது. காற்றால் மட்டும் குளிர்விக்கப்படும் இயந்திரங்களைக் காட்டிலும் இம்முறைக்கு மின்சாரம் குறைவாகவே தேவைப்படுகிறது. ஆனால் நீர் செலவாகிறது. அந்த நீர் கடல்நீரைச் சுத்திகரித்துப் பெறப்பட்டதாக இருந்தால், ஒவ்வொரு கன மீட்டருக்கும் சுமார் 3.5 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகியிருக்கும். ஆகவே கட்டட உரிமையாளரின் மேசைக்கு இரு வேறு கட்டணச் சீட்டுகளாக வரும் மின்சாரமும் நீரும் உண்மையில் ஒரே கணக்கின் இரு பக்கங்களாகும்.

நீர் அந்த நாட்டுக்கு வெறும் செலவுக் கணக்கு அல்ல. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மலேசியாவின் ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் நீரை எடுத்துக்கொள்ள சிங்கப்பூருக்கு உரிமை உண்டு. ஆயிரம் கேலனுக்கு 3 சென் என்ற விலை இரு நாடுகளுக்கும் இடையே பலமுறை கசப்பை ஏற்படுத்தியிருக்கிறது. ஒப்பந்தம் 2061ஆம் ஆண்டில் காலாவதியாகும். 2016ஆம் ஆண்டில் ஜோகூரின் லிங்கியு நீர்த்தேக்கம் அதன் கொள்ளளவில் 20 சதவீதமாகச் சுருங்கியபோது, உரிமை இருந்தாலும் ஆற்றில் நீர் இருக்குமா என்ற கேள்வி முதன்முறையாக உரத்து எழுந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறப்படும் நியூவாட்டர் 2003ஆம் ஆண்டு முதல் விநியோகிக்கப்படுவதன் பின்னணி இதுதான். அதன் பெரும்பகுதி குடிப்பதற்கு அல்ல, தொழிற்சாலைகளுக்கும் குளிர்விப்புக் கோபுரங்களுக்குமே செல்கிறது.

சிக்கனத்துக்கான வாய்ப்பு பெரும்பாலும் எளிய இடங்களில்தான் இருக்கிறது. கோபுரத்தில் நீர் ஆவியாக ஆவியாக எஞ்சிய நீரில் உப்புகள் செறிவடைகின்றன. அதனால் அவ்வப்போது ஒரு பகுதியை வெளியேற்றியாக வேண்டும். உப்பு மூன்று மடங்கு செறிந்ததும் வெளியேற்றுவது என்று வைத்துக்கொண்டால், ஆவியாகும் நீரில் பாதியளவு சாக்கடைக்குப் போகும். ஏழு மடங்கு வரை பொறுத்திருந்தால் அது ஆறில் ஒரு பங்காகக் குறையும். புதிய நீரின் தேவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. ஒழுங்கான நீர்ப் பரிசோதனையும், தானாக இயங்கும் ஒரு வால்வும், அதைக் கவனிக்க ஒரு பணியாளரும் போதும். உப்புகள் குறைந்த நியூவாட்டரை இன்னும் நீண்ட நேரம் சுழலவிடலாம்.

அரசு விலையையும் சட்டத்தையும் ஒருசேரப் பயன்படுத்தியிருக்கிறது. நீர்க் கட்டணம் 2017ஆம் ஆண்டில் தொடங்கி இரு கட்டங்களில் 30 சதவீதம் உயர்த்தப்பட்டது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் கன மீட்டருக்கு மேலும் 50 காசு கூட்டப்பட்டது. ஆண்டுக்கு 60,000 கன மீட்டருக்கு மேல் நீரைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் தங்கள் நீர்ப் பயன்பாட்டுத் திட்டத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு முதல் கட்டாயம். கட்டடங்களுக்கான பசுமைத் தரச்சான்று 2005ஆம் ஆண்டில் அறிமுகமானது. 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் எரிசக்தி விவரங்களை ஆண்டுதோறும் ஒப்படைக்கும்படி உரிமையாளர்களைப் பணித்தது. மிகுதியாக எரிசக்தி செலவிடும் பெரிய கட்டடங்கள் அதைப் பத்து சதவீதம் குறைத்தாக வேண்டும் என்ற புதிய விதி 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

இவ்விதிகள் இயந்திர அறை வரை செல்கின்றன. அலுவலக வாசலில் நின்றுவிடுகின்றன. சிங்கப்பூரின் பல அலுவலகக் குத்தகைகளில் வேலை நேரத்துக்கான மையக் குளிரூட்டல், பரப்பளவுக்கு ஏற்ற சேவைக் கட்டணத்துக்குள் அடங்கிவிடுகிறது. 22 டிகிரியில் அமர்ந்திருக்கும் நிறுவனமும் 25 டிகிரியில் அமர்ந்திருக்கும் நிறுவனமும் சதுர அடிக்கு ஒரே தொகையைச் செலுத்துகின்றன. வாடகைதாரருக்குக் குளிரைக் குறைப்பதால் இலாபம் இல்லை. உரிமையாளருக்கோ, புழுக்கம் என்ற ஒரு புகார் வந்தாலும் குத்தகை புதுப்பிக்கப்படாமல் போகலாம் என்ற அச்சம். ஆகவே இரு தரப்பும் சேர்ந்து தேவைக்கு மேல் குளிரூட்டுகின்றன. மூன்று டிகிரி வேறுபாட்டுக்கு வெளியில் ஆவியாகும் நீரை எவரும் எண்ணுவதில்லை.

நவீன சிங்கப்பூரின் சிற்பி லீ குவான் யூ, வெப்பமண்டல நாடுகளின் முன்னேற்றத்துக்குக் குளிர்சாதனம் பெரும் பங்காற்றியதாகக் கருதினார். பிரதமரானதும் அரசு அலுவலகங்களில் அதைப் பொருத்தியதாகவும் அவர் கூறியிருக்கிறார். அத்தகைய நாட்டில் குளிரைக் குறைக்கச் சொல்வது அரசியல் ரீதியாகச் சற்றுக் கூச்சமான வேலைதான். பொதுத்துறை தன் மின்சார, நீர்ப் பயன்பாட்டை 2018 முதல் 2020 வரையிலான சராசரியிலிருந்து 2030ஆம் ஆண்டுக்குள் பத்து சதவீதம் குறைப்பதாக 2021ஆம் ஆண்டில் உறுதியளித்தது. தனியார் துறைக்கு 25 டிகிரி என்பது இன்றும் பிரசாரம் மட்டுமே.

கோபுரங்கள் வெளியேற்றும் வெப்பமும் ஈரமும் நகரத்தின் காற்றில்தான் கலக்கின்றன. அதே காற்றில் நாள் முழுவதும் உழைப்பவர்களில் தமிழகத்திலிருந்து சென்ற கட்டுமான, பராமரிப்புத் தொழிலாளர்கள் ஏராளமானோர். குளிரின் கணக்கில் அவர்கள் எந்தப் பத்தியிலும் இடம்பெறுவதில்லை.

ஒவ்வொரு தளத்துக்கும் தனி அளவி பொருத்தி, பயன்படுத்திய குளிருக்கு மட்டும் கட்டணம் வாங்குவது தொழில்நுட்ப அளவில் கடினமானது அல்ல. 2006ஆம் ஆண்டு முதல் மரினா பே பகுதியில் நிலத்தடி மையங்களிலிருந்து குளிர்ந்த நீர் பல கட்டடங்களுக்கு அளந்தே விற்கப்படுகிறது. ஆனால் அந்த அளவீடு கட்டடத்தின் அடித்தளத்தோடு முடிந்துவிடுகிறது. சிக்கனத்தின் பலனை உரிமையாளரும் வாடகைதாரரும் பகிர்ந்துகொள்ளும் பசுமைக் குத்தகை முறை விரும்பியவர்களுக்கு மட்டும் என்றே விடப்பட்டுள்ளது. வேறு எத்தனையோ விடயங்களில் தலையிடத் தயங்காத அரசு, பன்னாட்டு நிறுவனங்களைத் தன் பக்கம் ஈர்க்க ஹாங்காங்குடன் போட்டியிடும் நகரத்தில், குத்தகைப் பத்திரத்தின் மீது கைவைக்க இதுவரை முன்வரவில்லை.