பட்டாளத்துக்குப் போற பையனுக்கு கேமரா எதுக்கு?

எங்க வேலூர் பக்கம் பட்டாளத்துக்குப் போறது புதுசு இல்லை. கம்மவான்பேட்டை மாதிரி ஊர்ல வீட்டுக்கு ஒரு ராணுவக்காரர் இருப்பார். எங்க தெருவுல இருந்து இப்ப ஒரு பையன் அக்னிவீர்ல தேர்வாகிப் போறான். டிரங்குப் பெட்டி வாங்கியாச்சு. கூடவே அவன் தாய்மாமன் ஒரு நல்ல கேமராவும் வாங்கித் தரப்போறாராம். "நாலு வருஷம் போனதே தெரியாது. படமாவது மிஞ்சட்டுமே"ங்கிறார்.

அவர் பேச்சுல நியாயம் இல்லாம இல்லை. அக்னிவீர்ல நூத்துக்கு 25 பேருக்கு மேல நிரந்தரமாக முடியாது. மத்தவங்க நாலு வருஷத்துல மூட்டையைக் கட்டணும், பென்ஷனும் கிடையாது. அப்படிப்பட்ட பையனுக்கு சீருடையில நாலு படம் வேணும்னு வீட்டுல நினைக்கிறது தப்பா? தப்பில்லை. ஆனாலும் கேமரா வேண்டாம்னுதான் நான் சொல்வேன்.

படம்னா இப்ப வெறும் படம் இல்லைங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கே இது தெரியும். நூறு நாள் வேலையில காலையில ஒரு தடவை, மதியம் ஒரு தடவை நிக்க வெச்சு படம் எடுத்தாங்களே, எதுக்கு? அரசு வீடு கட்டினா அஸ்திவாரம், லிண்டல், கூரைன்னு கட்டத்துக்கு ஒரு படம் எடுக்கிறாங்களே, எதுக்கு? எந்த இடம், எத்தனை மணின்னு படத்தோடயே பதிஞ்சு போகுது. பி.டி.ஓ. ஆபீஸ்ல உட்கார்ந்தபடியே நம்ம ஏரிக்கரையைப் பார்க்க முடியுதுன்னா, எல்லையில இருக்கிற முகாமைப் பார்க்க எதிரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

படமே எடுக்காம மாட்டிக்கிட்டவங்களும் உண்டு. ஓட்டப் பயிற்சிக்காரங்க வெச்சிருக்கிற ஸ்ட்ராவா செயலியோட வரைபடத்துல, ஆப்கானிஸ்தான், சிரியாவுல இருந்த அமெரிக்க முகாம்கள் கோடு கோடா தெரிஞ்சது 2018-ல பெரிய செய்தி. நம்ம ராணுவமும் 2020 ஜூலையில ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை எடுத்துடச் சொல்லிச்சு.

ஒண்ணை மட்டும் மறுக்க முடியாது. 1914 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பிரிட்டிஷ் சிப்பாயும் ஜெர்மன் சிப்பாயும் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்து கலந்து நின்ன படங்கள் இருக்கே, அதெல்லாம் சிப்பாய்ங்க சொந்தமா வெச்சிருந்த கேமராவுல எடுத்ததுதான். அது இல்லைன்னா பாதிப்பேர் கதைன்னுதான் சொல்லியிருப்பாங்க. அடுத்த மாசமே லண்டன் பத்திரிகையில படம் வந்துச்சு; அதுக்கப்புறம் கேமராவுக்குக் கெடுபிடியும் கூடிச்சு. ஆனா அது ஃபிலிம் காலம். கழுவி, பிரிண்ட் போட்டு, ஊருக்கு வர வாரக்கணக்கா ஆகும். அதுக்குள்ள படை இடம் மாறியிருக்கும். இப்ப விரல் பட்டா போதும், நொடியில உலகம் பூரா போயிடுது.

மாமா கேமரா வாங்கட்டும். ஆனா அதை அவரே வெச்சுக்கட்டும். பயிற்சி முடிஞ்சு கசம் பரேடுக்கு வீட்டாளுங்களைக் கூப்பிடுவாங்க. அன்னிக்கு எடுத்துக்கிட்டுப் போய், எங்கே எடுக்கலாம்னு கேட்டு, அங்கே ஆசைதீர எடுக்கட்டும்.

அதுக்கு முன்னாடி, இங்கே எடுக்க வேண்டியது நிறைய இருக்கு. அவன் அம்மா, பாட்டி, கிணத்து மேடு, அவன் வளர்த்த கன்னுக்குட்டி. புதுசா போற இடத்துல ராத்திரி பெட்டியைத் திறந்தா பார்க்கத் தோணுறது இதுங்கதான். ஒரு இருபது படத்தை பிரிண்ட் போட்டு கையில கொடுத்தனுப்புங்க. லேமினேஷன் பண்ணிடுங்க, மலைப்பக்கம்னா பெட்டிக்குள்ள ஈரம் ஏறும்.