உண்பவன் அறிய வேண்டாமா?

மரபணு மாற்றிய உணவு நன்றா, இயற்கை முறையில் விளைந்த உணவு நன்றா என்ற வாதம் நம் நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. ஒரு கட்சியார் மற்றவரை விஞ்ஞான விரோதிகள் என்கிறார்கள். மற்றவர் இவரை அந்நியக் கம்பெனிகளின் கையாட்கள் என்கிறார்கள். இவ்வளவு பகைமையிலும் இரு கட்சியாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது விந்தையாயிருக்கிறது. மாற்றிய உணவு இன்னும் நம் வாயிற்படியிலேயே நிற்கிறது என்று இருவரும் எண்ணிக்கொண்டு, ஒருவர் 'உள்ளே விடு' என்றும் மற்றவர் 'விடாதே' என்றும் வழக்காடுகிறார்கள். உண்மை அதுவன்று. அது எப்போதோ உள்ளே வந்து, அடுப்பின்மீது எண்ணெயாகக் காய்ந்துகொண்டிருக்கிறது.

2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு மத்திய சர்க்கார் அனுமதி அளித்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவைப் பருத்தியில் புகுத்தி, காய்ப்புழுவுக்கு நஞ்சாகும் புரதத்தைச் செடியே உண்டாக்கிக்கொள்ளும்படி செய்த பயிர் அது. இன்று நாட்டின் பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான். பருத்தி என்றவுடன் நமக்கு வேட்டியும் புடைவையும் நினைவுக்கு வருகின்றன. பஞ்சை எடுத்தபின் எஞ்சும் கொட்டை என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது செக்குக்கும் ஆலைக்கும் போகிறது. குஜராத்தில் பருத்திக்கொட்டை எண்ணெய் அன்றாடச் சமையலுக்குரியது. நம் மாகாணத்தில் கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்காத குடியானவன் அரிது. மதுரை வீதிகளில் மாலை வேளையில் சுக்கும் கருப்பட்டியும் சேர்த்து விற்கிறார்களே, அந்தப் பருத்திப்பால் எதிலிருந்து வருகிறது? பயிர் முழுவதும் மாறிவிட்டிருக்க, கொட்டை மட்டும் பழைய கொட்டையாக இருக்குமா? இவை போதாவென்று, அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேஸிலிலிருந்தும் சோயா எண்ணெய் கப்பல் கப்பலாக வருகிறது. அவ்விரு தேசங்களிலும் சோயா ஏறக்குறைய முழுவதும் மரபணு மாற்றியதே.

பருத்திப்பால் அருந்துவோரை அச்சுறுத்துவதற்காக நாம் இதை எழுதவில்லை. அத்தகைய உணவால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தது என்று நிச்சயமாகக் கூற ஆதாரம் இல்லை. அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தார் 2016-ல் வெளியிட்ட விரிவான அறிக்கையும், மாற்றிய உணவு மற்றதைவிட மனிதருக்கு அபாயமானது என்பதற்குத் தக்க சான்று காணவில்லை என்றே முடிவு செய்தது. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ அநேகமாக எஞ்சுவதுமில்லை. நமது ஆட்சேபணை வேறு. தீங்கற்றது என்பது மெய்யானால் அதை மறைத்து விற்பானேன்? உண்பவனிடம் சொல்லிவிட்டு விற்றால் என்ன குறைந்துவிடும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின் 22-ஆவது பிரிவை நேயர்கள் ஒருமுறை வாசிக்க வேண்டும். சட்டத்திலும் அதன் கீழ் இயற்றும் விதிகளிலும் வகை செய்யப்பட்டாலன்றி, மரபணு மாற்றிய உணவை எவரும் தயாரிக்கவோ, விற்கவோ, இறக்குமதி செய்யவோ கூடாது என்கிறது அது. சுவையான செய்தி என்னவென்றால், அதே பிரிவில், அதே மூச்சில், இயற்கை முறை உணவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மேடையில் எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டையும் சட்டம் ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறது!

ஆனால் பரிமாறியதில் பாரபட்சம் நேர்ந்துவிட்டது. இயற்கை உணவுக்கு 2017-ல் விதிகள் பிறந்தன. அத்தாட்சி பெற வேண்டும், 'ஜைவிக் பாரத்' என்ற முத்திரை பொறிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ரசாயனம் தெளிக்காமல் கீரை விளைவிப்பவன் தான் தெளிக்கவில்லை என்பதற்குச் சாட்சி காட்ட வேண்டும். சிறு விவசாயி தானே நேரில் விற்றால் விலக்கு உண்டு என்பது ஆறுதலே. மரபணு மாற்றிய உணவுக்கோ, சட்டம் பிறந்து பதினைந்து ஆண்டு கழித்து, 2021 நவம்பரில்தான் நகல் விதிகளே வெளிவந்தன. மறு ஆண்டு அந்த நகலும் திருத்தப்பட்டது. இதற்கிடையில், நிறுவைச் சட்ட விதிகளின்படி 2013 ஜனவரி முதல் இத்தகைய பொருளடங்கிய பொட்டலத்தின்மீது 'ஜி.எம்.' என்ற இரண்டு எழுத்துக்கள் பொறிக்கப்பட வேண்டும் என்று கட்டளை பிறந்தது. அந்த எழுத்துக்களைத் தங்கள் வீட்டு எண்ணெய்ப் பையில் கண்ட நேயர் எத்தனை பேர்? குற்றம் செய்யாதவன் சான்றிதழ் தேடி அலைகிறான். கேள்வி கேட்கப்பட வேண்டியவன் கேட்பாரின்றி வியாபாரம் செய்கிறான்.

'எண்ணெயைப் பரிசோதித்தால் ஒன்றும் தெரியாதே, எப்படி முத்திரை இடுவது?' என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, விடையும் இருக்கிறது. 2003-ல் செய்த விதிகளின்படி ஐரோப்பிய ஒன்றியத்தில், இறுதிப் பண்டத்தில் மரபணு எஞ்சினாலும் எஞ்சாவிட்டாலும், மூலப்பயிர் மாற்றியதானால் முத்திரை உண்டு. வயலிலிருந்து ஆலைவரை கணக்கு வைத்து வருகிறார்கள். அமெரிக்காவிலோ, 2022-ல் முழு அமலுக்கு வந்த விதிகளைச் செய்தபோது, பரிசோதனையில் புலப்படாத சுத்திகரித்த பண்டங்களுக்கு விலக்கு அளித்தார்கள். அது வழக்குக்கும் இடமாயிற்று. இவ்விரண்டில் நமக்கு எது பொருந்தும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. நம் ஜனங்கள் இந்தப் பயிரை உண்பது பெரும்பாலும் எண்ணெயாகத்தான். எண்ணெயை விலக்கிவிட்டு முத்திரைச் சட்டம் செய்வது, கள்ளைத் தவிர மற்றவற்றுக்கு மதுவிலக்கு என்பது போலாகும்.

கத்தரிக்காய் விஷயத்தை இங்கே நினைவூட்டுவது பொருத்தம். தண்டையும் காயையும் துளைக்கும் புழுவை எதிர்க்கும் பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் நிபுணர் கமிட்டி சம்மதித்தது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்டிருந்தது. அப்போது மத்திய மந்திரியாயிருந்த ஸ்ரீ ஜெய்ராம் ரமேஷ் கமிட்டியின் முடிவோடு நில்லாமல், ஏழு நகரங்களுக்குச் சென்று குடியானவர்களையும் விஞ்ஞானிகளையும் நேரில் விசாரித்து, 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி அதை நிறுத்தி வைத்தார். பங்களாதேஷ் 2013-ல் அதே பயிரை அனுமதித்து, மறு ஆண்டு முதல் பயிரிட்டு வருகிறது. அவர் முடிவு சரியா, தவறா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். முடிவுக்கு வந்த வழியை நாம் பாராட்டுகிறோம். தாம் உண்ணும் காயைப்பற்றித் தம்மிடம் ஒரு மந்திரி வந்து கேட்டதை இந்நாட்டு ஜனங்கள் அதற்கு முன் கண்டதில்லை.

பருத்தியில் நேர்ந்ததை எடுத்துக்கொண்டாலும், வழக்கு விஞ்ஞானத்தின்மீது அன்று. ஏக்கருக்கு விளைச்சல் சில ஆண்டுகள் நன்றாக ஏறியதை மறுப்பது நேர்மையாகாது. அந்த ஏற்றத்தில் நீர்ப்பாசனத்துக்கும் உரத்துக்கும் எவ்வளவு பங்கு என்பது தனி வாதம். பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்குப் பழகிவிட்டது. முதல் ரகத்தை அது வென்றுவிட்டதை 2010-ல் விதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது; இரண்டாம் ரகமும் அதன் முன் நிற்கவில்லை. குடியானவன் மறுபடியும் மருந்துக் கடைக்குப் போனான். விதையோ கலப்பினமானபடியால் ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும். 450 கிராம் பொட்டலம் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. ஆந்திர சர்க்கார் வழக்குத் தொடுத்த பின் 2006-ல் 750 ரூபாய்க்கு இறங்கியது. பாதி விலைக்கும் கீழே விற்க முடிந்த பண்டத்துக்கு அதுவரை குடியானவன் கொடுத்தது எதற்கு விலை? இதற்கு மாறாக, காலஞ்சென்ற நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ பாரம்பரிய விதை பெற்றவன், மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுத்தால் போதும். 170-க்கு மேற்பட்ட ரகங்கள் அவ்விதம் மீண்டன. விதை யாருடையது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடையை நாம் அறியோம்.

இதனால் இயற்கை விவசாயம் என்ற பெயரில் நடப்பதெல்லாம் நமக்கு உடன்பாடு என்று எண்ண வேண்டாம். பட்டணத்துக் கடைகளில் மும்மடங்கு விலைக்கு விற்கும் 'ஆர்கானிக்' அரிசியின் பொட்டலத்தில் முத்திரை உண்டா என்று பார்க்காமல் வாங்குகிறவர்கள் ஏமாறுவதற்கு முன்பணம் கட்டுகிறவர்களே. மாற்றிய பயிரிலுள்ள நஞ்சைக் கேட்டுத் திடுக்கிடும் அன்பர்கள், அதே நுண்ணுயிரைத் தூளாகத் தெளிப்பதற்கு இயற்கை விவசாய விதிகள் இடந்தருவதையும் அறிந்துகொள்ள வேண்டும். அண்டை நாடாகிய இலங்கையில் 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடுத்தார்கள். நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை தளர்ந்தது, அவ்வாண்டு முடிவதற்குள் தடையை விலக்க நேர்ந்தது. நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து, கேட்பவன் மனம் இசையும்வரை பேசினார். கொழும்பில் கெஜட்டில் அச்சிட்டார்கள். வேற்றுமை அதுதான்.

இப்போது அவசரம் ஏன் என்று கேட்கலாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தார் உண்டாக்கிய கடுகுக்கு 2022 அக்டோபரில் அளித்த அனுமதி சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. 2024 ஜூலை 23-ல் இரு நீதிபதிகளும் இருவேறு தீர்ப்பு அளித்தார்கள்: நீதிபதி நாகரத்னா அனுமதி செல்லாது என்றார், நீதிபதி சஞ்சய் கரோல் செல்லும் என்றார். பத்திரிகைகள் இந்தப் பிளவையே பெரிதாக எழுதின. இருவரும் ஒருமனதாகக் கூறிய பகுதி கவனிப்பாரற்றுப் போயிற்று. மாகாண சர்க்கார்களையும் குடியானவர்களையும் கலந்து தேசியக் கொள்கை ஒன்று வகுக்க வேண்டும் என்றும், இறக்குமதியாகும் மாற்றிய உணவு, குறிப்பாகச் சமையல் எண்ணெய், உணவுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் கண்ட முத்திரை விதிக்கு உட்பட வேண்டும் என்றும் இருவரும் சேர்ந்தே கட்டளையிட்டார்கள். கடுகைப்பற்றிய பிளவு பெரிய பெஞ்சுக்கு உரியது. எண்ணெயைப்பற்றிய கட்டளைக்கோ எந்த பெஞ்சுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அரிசியும் இந்த வரிசையில் வந்துவிட்டது. 2025 மே மாதத்தில் மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை மத்திய விவசாய மந்திரி அறிவித்தார். அவற்றில் ஒன்றாகிய 'கமலா', தஞ்சைக் குடியானவர்களுக்கு பி.பி.டி. என்ற எழுத்துக்களால் பழக்கமான சம்பா மசூரியைத் திருத்தியது. அயல் மரபணு எதுவும் சேர்க்காமல் நெல்லின் சொந்த மரபணுவையே திருத்தியதால் பழைய கட்டுப்பாடுகள் வேண்டாம் என்று 2022-லேயே விலக்கு அளித்துவிட்டார்கள். இது பொது ஆராய்ச்சி நிலையங்களின் உழைப்பு, கம்பெனிச் சரக்கன்று. அதனாலேயே இதை வரவேற்க நமக்கு மனம் இருக்கிறது. அதனாலேயே, வயற்சோதனையின் கணக்குகளை ஒன்றுவிடாமல் அச்சிட்டு வெளியிடும் கடமையும் அந்நிலையங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். தமிழ்நாட்டு சர்க்கார் 2023-ல் இயற்கை வேளாண்மைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. தேசியக் கொள்கையைக் குறித்து டெல்லிக்கு அது எழுதும் கடிதத்தில், எண்ணெய் முத்திரையும் நெல் சோதனைக் கணக்கும் முதலிரண்டு வரிகளாக இருக்க வேண்டும்.