நிற்கப் பழக்குவது யார் கடமை?

விழுப்புரம் ஜில்லா மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயிலை அறியாதார் சிலரே. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் யாதுமின்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் சமைத்ததாக அங்குள்ள சாஸனம் கூறுகிறது. சாதனமில்லையென்று அவன் கைகட்டி நிற்கவில்லை. அப்பாடம் நம் சர்க்காருக்கும் வேண்டும்.

மூளை முடக்குவாதம் கண்ட குழந்தைகளைக் குறித்தே இதனை எழுதுகிறோம். கருவிலோ, பிரசவத்திலோ, பிறந்த பின்னரோ வளரும் மூளைக்கு நேர்ந்த சேதத்தால் இவர்களிற் பலர் நிற்கையில் சாய்கின்றனர், நடக்கையில் விழுகின்றனர். இதைப் பூர்வஜன்ம வினையென்பது அறியாமை. சேதத்தை மாற்ற மருந்தில்லை. ஆயினும் நேரே உட்காரவும், உடற்பாரத்தைக் காலுக்குக் கால் மாற்றவும், விழும்போது கையூன்றவும் நாள்தோறும் பழக்கினால் பலருக்கு நிலை உறுதிப்படும். இதற்கு மூங்கிற் கழிகளும் மரப்பெட்டியுமே பெரும்பாலும் போதும். தேர்ந்த கை மட்டும் இன்றியமையாதது.

அக்கை எங்கே? கூலியை இழந்து, பிள்ளையை இடுப்பில் சுமந்து, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு ஒரு தாய் எத்தனை நாள் செல்வாள்? 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, விசேஷமாகக் கிராமங்களில், வருமான வரம்புக்குட்பட்டு, அருகிலேயே இலவச வைத்தியம் அளிக்கப் பணிக்கிறது. இது தர்மமன்று, உரிமை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். ஆகவே இயன்முறை வைத்தியர் குறித்த நாளில் கிராமம் வந்து தாய்க்கும் பயிற்சி தரல் வேண்டும்.

ஊழியர்களே, உங்கள் ஊரில் இத்தகைய குழந்தைகள் எத்தனை பேரென்று எண்ணுங்கள். அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாக்குங்கள். எழுந்து நிற்க முயலும் குழந்தைக்குக் கைகொடாத ஊர், தான் நிமிர்ந்து நிற்பதாகச் சொல்லிக்கொள்ளலாகாது.