பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?



நுவரெலியா என்றதும் வெளியூராருக்கு நினைவு வருவது கிரகரி வாவியும் விக்டோரியா பூங்காவும் ஏப்ரல் மாதத்துப் பூக்களும்தான். வாவி 1873இல் தேசாதிபதி கிரகரி அமைத்தது. பூங்காவுக்கு 1897இல், விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்த அறுபதாம் ஆண்டு நிறைவின்போது, அவர் பெயர் வைத்தார்கள். ஹோட்டன் சமவெளிக்கும் 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்தவரின் பெயர்தான். அதற்கு முன்பே அதை மகா எலிய என்று சிங்கள மக்கள் அழைத்து வந்தார்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். ஆனாலும் எந்தப் பூங்காவின் பெயரிலும் நாம் இல்லை.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில், உங்கள் ஊரை ஒரு தாளில் வரையுங்கள் என்று சொன்னேன். லயம், பிரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா, கோயில், டிஸ்பென்சரி, பீலி எல்லாம் வந்தன. கொழுந்து மலைகளை ஒவ்வொன்றாக இலக்கம் போட்டுக் காட்டினார்கள். எந்த மலையில் அட்டை கூட என்பதையும் சொன்னார்கள். தாளின் மேற்பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. "அங்கே என்ன?" என்றேன். "காடுதான் மிஸ்" என்றார் ஒரு அக்கா.

அந்தக் காடுதான் ஹோட்டன் சமவெளியின் விளிம்பு. அங்கே ஊறும் ஆக்ரா ஓயா, அக்கரப்பத்தனை வழியாக இறங்கி, தலவாக்கலைப் பக்கம் கொத்மலை ஓயாவாகி மகாவலியோடு சேர்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்நிலையத்துக்கும் இந்த ஆற்று நீர்தான். களனி கங்கையும் வளவை கங்கையும்கூட அந்த மேட்டிலிருந்து நீர் பெறுகின்றன. திருகோணமலையில் மகாவலி கடலைத் தொடும் இடம்வரை வயல்களுக்குப் பாயும் தண்ணீரில் நம் பீலித் தண்ணீரின் உறவும் உண்டு என்றதும் அந்த அக்கா சிரித்துவிட்டார்.

இந்தக் காடு தப்பியது தற்செயலல்ல. முதலில் கோப்பிக்காக மலைகளை மொட்டையடித்தார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்க, தேயிலை வந்தது. 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடவேண்டாம் என்று அரசுக்கு ஆலோசனை சொன்னார். அதன்படி உத்தரவும் பிறந்தது. அவர்கள் கவலை தோட்டங்களின் நீரைப் பற்றியது, நம் குடத்தைப் பற்றியதல்ல. என்றாலும் பயன் நமக்கும் கிடைத்தது. கோப்பி பருவப் பயிர். பெரும்பாலும் ஆண்களே வந்து போனார்கள். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கக் கைகளைக் கேட்டது. பெண்களும் குடும்பங்களும் நிலையாகத் தங்கியது அதன் பிறகுதான். இந்த மாவட்டத்தின் வரலாற்றில் நம் பாட்டிமார் நுழையும் இடம் அது. பாடநூலில் அது ஒரு வரிக்கு மேல் இருப்பதில்லை.

ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்த்து உலக மரபுரிமையாக யுனெஸ்கோ ஏற்றது. அதன் உலக முடிவில் நின்று கிட்டத்தட்ட 880 மீற்றர் கீழே பார்ப்பவர்களுக்குத் தெரிவது ஒரு தேயிலைத் தோட்டம். தீப்பெட்டிபோல் தெரியும் அந்த வரிசை வீடுகளைப் பலரும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

காட்டோரத்தில் விறகுக்காகப் பச்சை மரம் சாய்வதையும், ஓடைக்கரை வரை மரக்கறிப் பாத்தி ஏறுவதையும் நாம் பார்க்கிறோம். பெப்ரவரி, மார்ச்சில் பீலி நூலாக மெலிந்தால் குடத்தோடு தூரம் நடப்பது கணவனல்ல, நாம்தான். ஆகவே மாதர் சங்கக் கூட்டத்தில் கடன், சீட்டு பேசி முடித்ததும், உங்கள் பீலியின் ஊற்று எங்கே, அதைச் சுற்றி மரம் இருக்கிறதா என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஊற்றுக்கு மேலே உரமோ மருந்தோ போடப்பட்டால் சங்கத்தின் பெயரில் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் சமவெளிக்கும் ஒரு பயணம் வையுங்கள். நானுஓயாவில் ரயிலேறினால் பட்டிப்பொலையில் இறங்கலாம். அங்கிருந்து வேன் பிடிக்க வேண்டும். உள்நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவரைவிட மிகக் குறைவு, அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். முற்பகலிலேயே மூடுபனி ஏறிவிடும், விடியற்காலையில் புறப்படுங்கள். பொலித்தீனை வாசலிலேயே நீக்கிவிடுவார்கள். சோற்றைப் பெட்டியில் கட்டிக்கொள்ளுங்கள்.