ஒரு ரவுண்ட் போதாது

மீன் சந்தையில் ஒரு கிலோ பாரை வாங்கச் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்க்கிறோம். குர்பானுக்கு மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், நாலு அடி நடக்கவிட்டுக் காலையும் பார்க்கிறோம். ஆனால் அறுபது, எழுபது இலட்சம் கொடுத்து ஒரு கார் வாங்கப் போகும்போது மட்டும் நமக்கு வாய் வருவதில்லை. "கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்பதற்குக்கூட வெட்கம்.

கேட்டாலும் கிடைப்பது என்ன? "ஒரு ரவுண்ட்". கார் சேல் வாசலில் தொடங்கி, அடுத்த சந்தியில் திரும்பி, திரும்பவும் வாசலுக்கே வந்து நிற்கும் ஐந்து நிமிடம். பக்கத்து சீட்டில் சேல்காரரின் ஆள். ஏசியைக் கூட்டிக் காட்டுவார், பாட்டைப் போட்டுக் காட்டுவார், ரிவர்ஸ் கெமராவைக் காட்டுவார். நாமும் தலையை ஆட்டிக்கொண்டு இறங்குவோம். இதற்குப் பெயர் டெஸ்ட் டிரைவ் இல்லை, மாப்பிள்ளை ஊர்வலம்.

இந்தப் பழக்கம் இவ்வளவு இறுகியதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். கிட்டத்தட்ட ஐந்து வருடம் நாட்டில் இருந்த வண்டியே கைமாறிக் கைமாறி ஓடியது. வாங்கிய விலையை விடக் கூட விலைக்குப் பழைய வேகன் ஆர் விற்ற காலம் அது. "எடுக்கிறதென்றால் எடுங்க, பின்னால மூணு பேர் நிற்கிறாங்க" என்பதுதான் அன்றைய வியாபாரம். விற்பவர் ராஜா, வாங்குபவர் யாசகர். இன்று கப்பல் வருகிறது, சேல் நிறைய வண்டி நிற்கிறது. ஆனால் நாம் இன்னும் யாசகர் மாதிரியே போய் நிற்கிறோம்.

ஐந்து நிமிட ரவுண்டில் எது தெரியும்? பெயின்ட் தெரியும். எது தெரியாது என்று பாருங்கள். நாம் போவதற்கு முன்பே என்ஜினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். காலையில் ஆறிப்போன என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, என்ன சத்தம் போடுகிறது என்பது தெரியாது. ஏசி போட்டபடி, நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது என்பது தெரியாது. பள்ளத்தில் விழுந்தால் முன்பக்கம் எப்படித் தட்டுகிறது, வேகத்தில் பிறேக் பிடித்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது, இவை எதுவும் தெரியாது.

நம்முடைய கிழக்குப் பக்கத்துக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கல்முனையில், காத்தான்குடியில், அக்கரைப்பற்றில் ஏற்றமே இல்லை. தட்டையான பாதையில் எந்த வண்டியும் தேன் மாதிரித்தான் ஓடும். பிறகு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகும்போது, மஹியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவில்தான் வண்டியின் உண்மையான குணம் தெரியும். அப்போது சேல்காரர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

ஹைபிரிட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அக்வா மாதிரி வண்டியில் பெரிய பெட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அது களைத்துப்போயிருந்தால் தட்டைப் பாதையில் ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுக்காது. நீண்ட ஏற்றத்தில், ட்ரஃபிக்கில் நின்று நின்று போகும்போதுதான் சார்ஜ் விறுவிறுவென்று இறங்கி ஏறும். மின்சார லீஃப் என்றால் மீட்டரில் பெட்டரியின் கொள்ளளவைக் காட்டும் கோடுகளை எண்ணுங்கள். புதிதில் பன்னிரண்டு இருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2219 என்றால் 2019ஆம் வருடத்தின் 22ஆவது வாரம் செய்த டயர். "புது டயர் போட்டுத் தாறோம்" என்ற பேச்சை அந்த நாலு இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"ஜப்பான் ஏல ஷீட் இருக்கு சேர், 4.5 கிரேட்" என்பார்கள். நல்லது, பாருங்கள். செசி நம்பர் ஒத்துப்போகிறதா என்று வெளியிலும் சரிபாருங்கள். 'ஆர்' கிரேட் என்றால் திருத்திய வண்டி என்று அர்த்தம். ஆனால் ஷீட் சொல்வது ஏல நாளில் வண்டி இருந்த நிலையை. அதற்குப் பிறகு கப்பலில் வந்து, வெயிலில் மாதக்கணக்காக நின்ற கதையை ஷீட் சொல்லாது. ஓட்டினால்தான் தெரியும்.

விற்பவர்கள் பக்க நியாயத்தையும் பேசுவோம். வாங்கும் எண்ணமே இல்லாமல் பின்னேரம் பொழுது போக்க வந்து வண்டி ஓட்டிப் பார்க்கும் கூட்டம் நம்மிடம் இருக்கிறது. அது அநியாயம். அவர்களுடைய பெற்றோல், அவர்களுடைய நேரம், அவர்களுடைய பொருள். அடிபட்டால் யார் பொறுப்பு என்ற பயமும் நியாயமானதுதான். அதற்கு வழி இருக்கிறது. விலை பேசி முடியட்டும், லைசனைப் பார்க்கட்டும், அடையாள அட்டையின் கொப்பியை எடுக்கட்டும், ஆள் கூட வரட்டும். பதிவு செய்யாத வண்டியை வீதியில் எடுக்க முடியாது என்றால், விற்பனையாளர்களுக்கென்றே தனி நம்பர் பிளேட் முறை இருக்கிறது. வழி இருந்தும் மறுக்கிறவர் பயந்து மறுக்கவில்லை. மறைக்க ஏதோ இருந்து மறுக்கிறார் என்று நாம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு தரம் பற்றி வாதாடுவது கஷ்டம். அதாவது அரைகுறை ரவுண்ட் நம்மைக் காப்பாற்றாது. "நீங்கதானே ஓட்டிப் பார்த்தீங்க" என்று நமக்கு எதிராகவே திரும்பலாம்.

மார்க்கத்திலும் இதற்கு வெட்கப்பட எதுவும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலின் மேற்பரப்பைப் பார்த்துவிட்டுப் போகவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள், ஈரம் இருந்தது. வியாபாரியிடம் அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டார்கள். குறை தெரிந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்று தனியாகவே பேசுகின்றன. இப்படியொரு மரபில் வந்த நாம், "ஹாஜியார் சொன்னால் சரிதான், ஓட்டிப் பார்த்தால் அவர் மனம் நோகும்" என்கிறோம். நம்பிக்கை வேறு, பரிசோதனை வேறு. நேர்மையான வியாபாரி கையை உள்ளே விடச் சொல்லுவார்.

கடைசியாக, நம் வீடுகளுக்குள்ளேயே நடக்கும் ஒன்று. இன்று எத்தனையோ டீச்சர்மார் தாங்களே கார் ஓட்டிப் பாடசாலைக்கு வருகிறார்கள். சம்பளத்தில் லீசிங் வெட்டப்படுவதும் அவர்களுக்குத்தான். ஆனால் வண்டி பார்க்கப் போவது யார்? கணவர், நாநா, மச்சான், மச்சானுக்குத் தெரிந்த பாஸ். ஓட்டிப் பார்ப்பது அவர்கள். டீச்சர் பின் சீட்டில் இருப்பார், இல்லையென்றால் வீட்டில் இருப்பார். ஆறடி மச்சானுக்குப் பொனட் நன்றாகத் தெரியும். ஐந்தடி டீச்சருக்குத் தெரியுமா? பிறேக் பெடலுக்குக் கால் எட்டுகிறதா? அபாயாவோடு ஏறி இறங்க வசதியா? நெருக்கமான பாடசாலை கேற்றில் பக்கக் கண்ணாடியில் சின்னப் பிள்ளைகள் தெரிகிறார்களா? அந்தக் கண்ணாடியில் பிள்ளை தெரியாமல் போனால் நஷ்டம் பணத்தில் முடியாது. யார் ஓட்டப்போகிறாரோ அவர்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இருக்கக்கூடாது.

ஆகவே இனிமேல் இப்படிச் செய்வோம். காலையில் போவோம், பொனட்டில் கை வைத்துப் பார்த்து, ஆறியிருந்தால் மட்டும் ஸ்டார்ட் பண்ணச் சொல்வோம். குறைந்தது அரை மணித்தியாலம், ஏற்றமும் பள்ளமும் ட்ரஃபிக்கும் உள்ள பாதையில் ஓட்டுவோம். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போவோம். அவருக்குக் கூலி கொடுப்போம், ஓசியில் வேலை வாங்கவேண்டாம். அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தால் ஓட்டிப் பார்த்த பிறகு கொடுப்போம். எந்த நிலையில் அது திரும்பக் கிடைக்கும் என்று கடிதத்தில் எழுதி வாங்குவோம்.

"ஒரு ரவுண்ட்தான் தரலாம்" என்றால் சலாம் சொல்லிவிட்டு அடுத்த சேலுக்குப் போவோம். ஒருவர் போனால் அவர்கள் சிரிப்பார்கள். பத்துப் பேர் போனால் சாவியைக் கையில் தருவார்கள்.